செடியின் செல்லுக்குள் நீர் போவதும் வருவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சவ்வூடு பரவலின், அதாவது நீரை மட்டும் விடும் சவ்வைக் கடந்து நீர் பரவுவதன், வரையறையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுகிற மாணவர்கள் உண்டு. அவர்களிடமே, “வாடிய செடி நீர் ஊற்றிய ஒரு மணி நேரத்தில் எப்படி நிமிர்ந்தது?” என்று கேட்டால் திணறுவார்கள். குறை அவர்களுடையது அல்ல. வரையறை ஒரு பக்கமும் செடி ஒரு பக்கமுமாகவே பாடம் நடந்திருக்கும். இரண்டையும் சேர்த்து வைப்பதற்காகத்தான் இந்தக் கேள்விகளைத் தொகுத்தேன்.

நீரைச் செல்லுக்குள் இழுப்பது எது?

எதுவும் இழுப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் ஓயாமல் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. செல் சவ்வின் இரு புறமும் அவை மோதுகின்றன. இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் கடக்கின்றன. இரு புறமும் நிலைமை ஒன்றாக இருந்தால் போவதும் வருவதும் சமம். ஒரு புறத்தில் சர்க்கரையோ உப்போ கரைந்திருந்தால் அந்தப் புறத்து நீரின் ஆற்றல் குறைந்துவிடுகிறது. அங்கிருந்து புறப்படும் நீர் குறைகிறது. மறுபுறத்திலிருந்து வருவதோ குறையவில்லை. ஆகவே கூட்டிக் கழித்துப் பார்த்தால் கரைபொருள் மிகுந்த பக்கம் நீர் சேர்கிறது. சர்க்கரையும் சவ்வைக் கடக்க முடிந்தால் அது பரவி வேறுபாட்டையே அழித்துவிடும். சவ்வு அதைத் தடுத்து நீரை மட்டும் விடுவதால்தான் வேறுபாடு நிலைக்கிறது.

1748-இல் ழான் அந்துவான் நொல்லே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் சாராயம் நிரம்பிய குடுவையின் வாயை விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலால் மூடி நீருக்குள் வைத்தார். தோல் உப்பிக்கொண்டு வந்தது. சவ்வூடு பரவலைப் பற்றிய முதல் தெளிவான பதிவு இதுதான். அதில் செடியும் இல்லை, உயிரும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பரவலும் சவ்வூடு பரவலும் ஒன்றா?

பரவலுக்குச் சவ்வு தேவையில்லை. நீரில் விழுந்த மைத்துளி கலைவது பரவல். இடையில் தேர்ந்தெடுத்து விடும் சவ்வு ஒன்று இருந்து, அதைக் கடப்பது நீராக இருந்தால் சவ்வூடு பரவல்.

செல் சவ்வு கொழுப்பால் ஆனது. அதை நீர் எப்படிக் கடக்கிறது?

நியாயமான சந்தேகம். அறிவியலாளர்களுக்கும் இதே சந்தேகம் நெடுங்காலம் இருந்தது. கொழுப்பு அடுக்கின் வழியாகவே சிறிதளவு நீர் நேரடியாகக் கசிகிறது. ஆனால் சில செல்களில் நீர் கடக்கும் வேகம் அந்தக் கசிவுக்கு மிகவும் மிஞ்சியதாக இருந்தது. எங்கோ ஒரு வாசல் இருக்க வேண்டும் என்ற ஊகம் அப்படித்தான் எழுந்தது.

1992-இல் பீட்டர் ஆக்ரேயின் குழு அந்த வாசலைக் காட்டியது. சிவப்பணுக்களில் கண்டெடுத்த ஒரு புரதத்தைத் தவளை முட்டைகளில் உருவாகச் செய்து, அவற்றை நீர்த்த கரைசலில் போட்டார்கள். சாதாரண முட்டைகள் பெரிய மாற்றமின்றி இருந்தன. புரதம் பெற்றவை வீங்கி வெடித்தன. அக்குவாபோரின் என்று பெயர் பெற்ற அந்தப் புரதத்துக்காக ஆக்ரே 2003-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தவளை முட்டைச் சோதனைக்கு அடுத்த ஆண்டே, 1993-இல், தாவரத்திலும் அக்குவாபோரின் உறுதியானது. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் மட்டும் இவற்றுக்கான மரபணுக்கள் 35 இருக்கின்றன.

இங்கே ஒரு தவறான புரிதல் எளிதில் நுழையும். அக்குவாபோரின் நீரை உள்ளே தள்ளும் பம்பு அல்ல. அது வெறும் வழி. எந்தப் பக்கம் ஓடுவது என்பதை அது முடிவு செய்வதில்லை. எவ்வளவு விரைவாக ஓடலாம் என்பதை மட்டுமே முடிவு செய்கிறது.

தூய நீரில் போட்டால் சிவப்பணு வெடிக்கிறது. செடியின் செல் ஏன் வெடிப்பதில்லை?

செல் சுவர் இருப்பதால். சைக்கிள் டயருக்குள் இருக்கும் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். டியூபை மட்டும் எடுத்துக் காற்றடித்தால் ஊதிப் பெருத்து வெடிக்கும். டயருக்குள் இருந்தால் ஓரளவுக்கு மேல் பெருக்க முடியாமல் இறுகும். செல்லுலோஸ் இழைகளால் பின்னப்பட்ட சுவர்தான் டயர். உள்ளே நீர் வர வர, செல் சுவரை அழுத்துகிறது. சுவர் திருப்பி அழுத்துகிறது. இந்த விறைப்பழுத்தம் கூடக் கூட, உள்ளே வரும் நீரின் அளவுக்கு வெளியேறும் நீரும் எட்டிப்பிடிக்கிறது.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் பலர் வியப்பார்கள். இலைச் செல்லில் 0.5 மெகாபாஸ்கல் என்பது சாதாரணம். கார் டயரில் இருப்பதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கையில் மென்மையாகத் தெரியும் இலையின் ஒவ்வொரு செல்லும் அப்படி இறுகித்தான் இருக்கிறது. மரக்கட்டை இல்லாத இளந்தண்டுகள் நிமிர்ந்து நிற்பதற்கு இந்த விறைப்பே முதுகெலும்பு.

முதிர்ந்த செல்லின் உள்ளிடத்தில் பெரும்பகுதியை, பல நேரம் 80 முதல் 90 விழுக்காடு வரை, வாக்குவோல் என்னும் நீர்ப்பை அடைத்துக்கொண்டிருக்கிறது. உப்புகள், சர்க்கரைகள், கரிம அமிலங்கள் அதில்தான் சேர்த்து வைக்கப்படுகின்றன. ஆகவே செல்லுக்குள் வரும் நீரில் பெரும்பாலானது போய்ச் சேரும் இடமும் அதுதான்.

நீரியல் திறன் என்றால் என்ன? அது ஏன் எதிர்க்குறியிலேயே வருகிறது?

நீர் எந்தப் பக்கம் போகும் என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிட உதவும் அளவு அது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் தூய நீரின் நீரியல் திறன் 0 என்று வைத்துக்கொள்கிறோம். கரைபொருள் சேர்ந்தால் நீரின் ஆற்றல் குறைகிறது. 0-க்குக் கீழே போனால் எதிர்க்குறிதானே வரும். அழுத்தம் கொடுத்தால் ஆற்றல் கூடுகிறது. செல்லின் நீரியல் திறன் என்பது இந்த இரண்டின் கூட்டல்: கரைபொருளின் பங்கு எதிர்க்குறியில், அழுத்தத்தின் பங்கு நேர்க்குறியில். நீர் எப்போதும் உயர்ந்த திறனிலிருந்து தாழ்ந்த திறனுக்குப் போகும். −0.2 என்பது −0.7-ஐ விட உயர்ந்தது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் எல்லாம் தெளியும். ஒரு செல்லின் கரைபொருள் பங்கு −0.7 மெகாபாஸ்கல். செல் தளர்ந்திருக்கிறது, அழுத்தம் 0. மொத்தம் −0.7. அதைத் தூய நீரில் போடுகிறோம். நீர் 0-இலிருந்து −0.7-க்குப் பாய்கிறது. சுவர் இறுக இறுக அழுத்தம் ஏறி, +0.7 ஆனதும் மொத்தம் 0 ஆகிவிடும்; அத்துடன் நிகர ஓட்டம் நிற்கும். அதே செல்லை லிட்டருக்கு 0.1 மோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) சர்க்கரை உள்ள கரைசலில் போட்டால்? அறை வெப்பநிலையில் அக்கரைசலின் திறன் சுமார் −0.24. செல்லின் அழுத்தம் +0.46-க்கு வந்ததுமே சமநிலை. கரைசலை 0.3 மோலாக்கினால் அதன் திறன் சுமார் −0.73; இப்போது செல்லுக்குள் அழுத்தமே மிஞ்சாது. நீர் உள்ளே வரும்போது செல்லின் சாறு சற்று நீர்த்துப்போகும் என்பதை இந்தக் கணக்கில் விட்டுவிட்டேன். சுவர் அதிகம் விரியாததால் அந்த வேறுபாடு சிறியதே.

அப்படியானால் நீர் எப்போதும் கரைபொருள் அதிகமுள்ள செல்லுக்குத்தான் போகுமா?

இல்லை! இந்தக் கேள்விக்கு “ஆம்” என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே கோணலாகிவிடும்.

அடுத்தடுத்து இரண்டு செல்கள். முதல் செல்லின் கரைபொருள் பங்கு −1.0, அழுத்தம் +0.6, மொத்தம் −0.4. இரண்டாவது செல்லின் கரைபொருள் பங்கு −0.8, அழுத்தம் +0.1, மொத்தம் −0.7. கரைபொருள் அதிகம் இருப்பது முதல் செல்லில். ஆனால் நீர் போவது முதல் செல்லிலிருந்து இரண்டாவதற்கு. முதல் செல் ஏற்கெனவே விறைத்திருக்கிறது. அதன் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. திறந்த பாத்திரத்தில் இருக்கும் இரண்டு கரைசல்களை ஒப்பிடும்போது செறிவு மட்டும் போதும். சுவருள்ள செல்லுக்கு வந்துவிட்டால் அழுத்தத்தையும் பார்க்காமல் ஒரு முடிவும் சொல்லக் கூடாது.

சர்க்கரையும் உப்பும் ஒரே மோல் அளவில் சேர்த்தால் விளைவும் ஒன்றா?

ஒன்றல்ல. இங்கே எண்ணப்படுவது துகள்களின் எண்ணிக்கை. அவற்றின் வகையோ பருமனோ பெரிதாகப் பொருட்டில்லை. சர்க்கரை மூலக்கூறு கரைந்தாலும் ஒன்றாகவே இருக்கும். சோடியம் குளோரைடு இரண்டு அயனிகளாகப் பிரிந்துவிடும். ஆகவே அதே மோல் அளவில் உப்பின் விளைவு கிட்டத்தட்ட இரு மடங்கு.

பிளாஸ்மா சிதைவு என்கிறார்களே, நுண்ணோக்கியில் அப்போது என்ன தெரியும்?

ஊதா வெங்காயத்தின் தோலை உரித்து அடர்ந்த உப்புக் கரைசலில் வைத்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு மூலைகளில் சவ்வு சுவரை விட்டு விலகத் தொடங்கும். சில நிமிடங்களில் ஊதா நிறச் சாறு சுருங்கி நடுவில் ஒதுங்கிக்கொள்ளும். சுவர் மட்டும் தன் கட்டம் கலையாமல் நிற்கும். முதன்முறை பார்ப்பவர்கள் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

சுவருக்கும் சவ்வுக்கும் இடையில் இப்போது இருப்பது என்ன? வெற்றிடம் என்றோ காற்று என்றோதான் பலரும் எழுதுகிறார்கள். இருப்பது வெளியே நாம் ஊற்றிய உப்புக் கரைசல். சுவர் சல்லடையைப் போன்றது. உப்பையும் சர்க்கரையையும் தாராளமாக விட்டுவிடும். தடுப்பது சவ்வு மட்டுமே.

பெயரில் சிதைவு என்று இருந்தாலும் செல் உடனே செத்துவிடுவதில்லை. காலம் கடக்காமல் தூய நீரை ஊற்றினால் மீண்டும் விரிந்து சுவரைத் தொடும். செத்த செல்லில் சவ்வு கட்டுப்பாட்டை இழந்திருக்கும். அங்கே பிளாஸ்மா சிதைவே நடக்காது. அதனால் செல் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கவும் இது உதவுகிறது. 1880-களில் டச்சுத் தாவரவியலாளர் ஹ்யூகோ டி விரீஸ் இதே சுருக்கத்தைக் கொண்டு செல் சாற்றின் செறிவையே அளந்தார்.

வெயிலில் வாடித் தொங்கும் இலையிலும் இதே பிளாஸ்மா சிதைவுதான் நடக்கிறதா?

பெரும்பாலான வினா-விடைகளில் அப்படித்தான் போட்டிருக்கும். அது சரியல்ல, இதைக் கொஞ்சம் நின்று விளக்க விரும்புகிறேன்.

கரைசலில் கிடக்கும் செல்லில் சவ்வு சுருங்கும்போது, விட்ட இடத்தைக் கரைசல் வந்து நிரப்புகிறது. வாடும் இலையின் செல்லைச் சுற்றி இருப்பதோ காற்று. சவ்வு சுவரை விட்டு விலக வேண்டுமென்றால் காற்று சுவரைத் துளைத்து உள்ளே வர வேண்டும். ஈரமான சுவரின் இழைகளுக்கு இடையிலுள்ள துளைகள் சில நானோமீட்டர் அகலமே கொண்டவை. அவ்வளவு குறுகிய துளையில் நிற்கும் நீரைக் காற்றால் தள்ளிவிட முடியாது. பரப்பு இழுவிசை அதைப் பிடித்துவைக்கிறது. தள்ள வேண்டுமானால் பத்து மெகாபாஸ்கலுக்கும் மேற்பட்ட அழுத்த வேறுபாடு வேண்டும். ஆகவே செல் நீரை இழக்கும்போது சவ்வு சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, சுவரையும் தன்னோடு உள்ளே இழுக்கிறது. காகிதப் பையைக் கசக்கினாற்போல் செல் முழுவதும் மடிகிறது.

கரைசலிலும் இதை வரவழைக்கலாம். சுவரின் துளைகளுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிய மூலக்கூறுகளைக் கொண்ட பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் செல்லைப் போட்டால், அது சர்க்கரைக் கரைசலில் போல உள்ளே மட்டும் சுருங்காது. சுவரோடு சேர்ந்து நசுங்கும். சுவரின் துளை எவ்வளவு பெரியது என்பதைக்கூட இந்த வழியில் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

செடியால் நினைத்தபோது நீரை உள்ளே எடுக்கவோ வெளியே விடவோ முடியாதா?

நேரடியாக முடியாது. நீரைப் பிடித்துத் தள்ளும் பம்பு எந்தச் செடியிலும் இல்லை. செடி நகர்த்துவது அயனிகளை; நீர் அவற்றின் பின்னால் போகிறது. இந்த ஒரு வரி மனத்தில் பதிந்துவிட்டால் செடியின் பாதி நடத்தை புரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

இலைத்துளையின் இரு புறமும் உள்ள காப்பு செல்களை எடுத்துக்கொள்வோம். காலை ஒளி படும்போது, அதிலும் நீல ஒளி, அவை ஆற்றலைச் செலவழித்துப் புரோட்டான்களை வெளியேற்றுகின்றன. அதனால் உண்டாகும் மின்வேறுபாட்டில் பொட்டாசியம் அயனிகள் உள்ளே வருகின்றன. குளோரைடும், மாலேட் என்னும் கரிம அமில அயனியும் சேர்கின்றன. செல்லின் நீரியல் திறன் தாழ்கிறது. நீர் நுழைகிறது. விறைப்பு ஏறுகிறது. சுவரின் செல்லுலோஸ் இழைகள் வளையம் போட்டதுபோல் குறுக்காக ஓடுவதால் செல்லால் பருக்க முடிவதில்லை. நீண்டு வில்லாக வளைகிறது, நடுவில் துளை திறக்கிறது. வறட்சி வந்தால் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் இதையெல்லாம் தலைகீழாக்குகிறது: அயனிகள் வெளியேற, நீரும் வெளியேற, துளை மூடுகிறது.

தொட்டாற்சுருங்கியிலும் இதே உத்திதான். இலைக்காம்பின் அடியில் உப்பிய மூட்டு ஒன்று இருக்கும். தொட்டதும் அதன் கீழ்ப்பாதிச் செல்களிலிருந்து பொட்டாசியமும் குளோரைடும் வெளியே கொட்டுகின்றன, நீர் பின்தொடர்கிறது, அந்தப் பக்கம் தளர்கிறது, காம்பு சாய்கிறது. சுருங்குவதற்கு ஓரிரு நொடி போதும். அயனிகளை மறுபடி உள்ளே ஏற்றி நிமிர்வதற்குப் பல நிமிடங்கள் ஆகின்றன.

மண்ணிலிருந்து வேரின் நடுப்பகுதி வரை நீர் எந்த வழியாகப் போகிறது?

மூன்று வழிகள். செல்லுக்குள் நுழையாமல் சுவர்களின் ஈரத்தின் வழியாகவே போகலாம். ஒரு செல்லின் சைட்டோபிளாசம் என்னும் உட்கூழிலிருந்து அடுத்ததற்கு நுண்ணிய பாலங்கள் வழியாகப் போகலாம். ஒவ்வொரு சவ்வாகக் கடந்தும் போகலாம். ஆனால் வேரின் நடுப்பகுதியைச் சுற்றியுள்ள செல் அடுக்கான அகத்தோலுக்கு வந்ததும் முதல் வழி அடைபடுகிறது. அங்கே செல் சுவர்களில் நீர் புகாத காஸ்பேரியன் பட்டை ஓடுகிறது. சுவர் வழியே வந்த நீரும் அதில் கரைந்த பொருள்களும் அங்கே ஏதேனும் ஒரு சவ்வைக் கடந்தே தீர வேண்டும். எதை உள்ளே விடுவது என்று செடி சோதித்துப் பார்க்கும் வாசல் அது.

உரம் அதிகமாகிவிட்டால் செடி கருகுவது ஏன்?

உரம் என்பதும் உப்புதான். மண் நீரின் நீரியல் திறன் வேர்ச் செல்களின் திறனை விடத் தாழ்ந்துவிட்டால் நீர் உள்ளே வராது. வேரிலிருந்து வெளியேறவும் கூடும். மண் ஈரமாகவே இருக்கும், செடி தாகத்தில் வாடும். கடல் நீரின் திறன் சுமார் −2.5 மெகாபாஸ்கல். பெரும்பாலான பயிர்கள் சுமார் −1.5-க்குக் கீழே போன மண்ணிலிருந்தே நீர் எடுக்க முடியாமல் நிரந்தரமாக வாடிவிடுகின்றன. அலையாத்தி மரங்கள் கடலோரத்தில் தாக்குப்பிடிப்பது தம் செல்களின் திறனை அதைவிடவும் கீழே இறக்கி வைத்திருப்பதால். அதிக உரம் போட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வடிகால் உள்ள தொட்டியில் நீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றலாம்.

நீர் தேங்கி நிற்கும் மண்ணிலும் செடி வாடுகிறதே?

தேங்கிய நீர் மண்ணின் காற்றிடங்களை அடைத்துவிடுகிறது. ஆக்சிஜன் கிடைக்காத வேர்ச் செல்களின் உட்புறம் அமிலத்தன்மை அடைகிறது. அந்த அமிலத்தன்மை பட்டதும் வேரின் அக்குவாபோரின்கள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் வெள்ளம், வாசல்கள் அடைப்பு. வாடியிருக்கிறதே என்று மேலும் நீர் ஊற்றுவதுதான் அப்போது செய்யக் கூடாத காரியம்.

காய்ந்த விதை ஊறுவதும் சவ்வூடு பரவலா?

தொடக்கத்தில் இல்லை. விதையின் புரதங்களும் மாவுப்பொருளும் சுவர்களும் நீரைத் தம் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் உள்ளீர்த்தல் அது. செத்த விதையும் ஊறிப் பருக்கும்.

சமநிலை வந்துவிட்டால் நீர் அசையாதா?

அசையும். இரு திசையிலும் சமமாகப் போவதால் மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

செல் வளர்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. இளஞ்செல் பன்மடங்கு நீள்வது பெரும்பாலும் நீரை உறிஞ்சித்தான். ஆனால் நீர் வந்து முட்டியதால் மட்டும் சுவர் நீண்டுவிடாது. சுவர் முதலில் இளக வேண்டும். செல் தன் சுவரை அமிலமாக்க, எக்ஸ்பான்சின் என்னும் புரதங்கள் இழைகளின் பிடியைத் தளர்த்துகின்றன. சுவர் நெகிழ்ந்ததும் அழுத்தம் சற்றுக் குறைகிறது, நீரியல் திறன் தாழ்கிறது, நீர் உள்ளே வருகிறது, செல் நீள்கிறது.

இதை நானே செய்து பார்க்க எளிய வழி உண்டா?

உருளைக்கிழங்கு போதும். தோல் நீக்கி, ஒரே அளவுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். தூய நீர், லிட்டருக்கு 0.1, 0.2, 0.3, 0.4, 0.5 மோல் சர்க்கரைக் கரைசல்கள் என ஆறு குவளைகள். ஒரு மோல் சர்க்கரை என்பது 342 கிராம்; எனவே 0.1 மோலுக்கு 34 கிராம் சர்க்கரையைச் சிறிது நீரில் கரைத்து, மொத்தம் ஒரு லிட்டராகும்படி நீர் சேர்க்க வேண்டும். சில மணி நேரம் ஊறிய பிறகு எடுத்து, மேல் ஈரத்தை ஒற்றிவிட்டு மறுபடி எடை போடுங்கள். ஒற்றுவதில் எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே கவனம் வேண்டும்; கணக்கு பெரும்பாலும் கெடுவது இங்கேதான். எடை மாற்றத்தை விழுக்காடாக வரைபடத்தில் குறித்தால், கோடு 0-ஐக் கடக்கும் இடம் கிடைக்கும். எடை கூடாமலும் குறையாமலும் இருக்கும் அந்தச் செறிவின் நீரியல் திறன்தான் உங்கள் கிழங்குத் திசுவின் நீரியல் திறன்.

கூடவே ஒரு துண்டை வேகவைத்து, ஆறவிட்டுத் தூய நீரில் போடுங்கள். எவ்வளவு நேரம் ஊறினாலும் அது விறைக்காது. சவ்வு வெந்துபோயிற்று.